எபிரேயர் இசையும் வஹகோட்டைக் கோவிலும்

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில், வயல்களும் தோட்டங்களும் சூழ அமைந்த சிற்றூர் வஹகோட்டை. அங்குள்ள புனித அந்தோனியார் கோவில் இலங்கைக் கத்தோலிக்கர் நன்கறிந்த யாத்திரைத் தலமாகும். ஆண்டுத் திருநாளன்று சிங்களரும் தமிழருமாக மக்கள் பல திசைகளிலிருந்தும் அங்கு வந்து கூடுவர். அத்தலத்தின் வரலாற்றை ஆராய்வோர் போர்த்துக்கேயரைப் பற்றியும் கண்டி மன்னரைப் பற்றியும் பேசுவர். யூதரைப் பற்றிப் பேசுவோர் இலர். எனினும் அக்கோவிலில் ஒலிக்கும் 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' என்னும் சொற்கள் மூன்றும் எபிரேயச் சொற்களே. அங்கு பாடப்படும் சங்கீதங்கள் எபிரேயப் பாடல்களே. யூதேயாவின் மலைகளில் பிறந்த ஓர் இசை மரபு மாத்தளைக் காட்டகத்தை எவ்வாறு வந்தடைந்தது? அதே மரபு இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் மேனாட்டுப் பேரிசைவாணரின் படைப்புக்களுக்கு எவ்வாறு ஊற்றாயிற்று? இவ்விரண்டு வினாக்களும் வெவ்வேறானவை போலத் தோன்றினும், அவற்றின் வேர் ஒன்றே.

முதலில் வஹகோட்டையின் கதையைக் காண்போம். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரும் கண்டி அரசும் ஓயாது பொருதின. 1630 இல் ரந்தெனிவெலைப் போரில் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா வீழ்ந்தான். 1638 இல் கன்னொறுவைப் போரில் தியோகு த மெலு மாண்டான். சிறைப்பட்டோர் பலர் மலைநாட்டில் தங்க நேர்ந்தது. பின்னர், 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. ஒல்லாந்தர் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்க குருமாருக்கு இடமளிப்பது கடுங்குற்றம் என அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். தம் சமயத்தைக் கைவிட விரும்பாதோர் சிலர் கண்டி மன்னனின் எல்லைக்குள் புகலிடம் தேடினர். பௌத்த மன்னர் ஆண்ட நாட்டிலே கத்தோலிக்கர் அடைக்கலம் பெற்றமை இலங்கை வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாகும். வஹகோட்டையில் குடியேறியோர் இவ்வாறு வந்த போர்த்துக்கேயரின் வழியினர் என்பது அவ்வூர் மரபு. காலப்போக்கில் அவர்கள் சிங்களக் குடும்பங்களோடு கலந்தனர். போர்த்துக்கேய மொழி அவர்தம் நாவிலிருந்து அகன்றது; சிங்களமே தாய்மொழியாயிற்று. மொழி மாறிய பின்னும் வழிபாடு மாறவில்லை.

இம்மக்களுக்கு ஆன்மீகத் துணை புரிந்தோர் கோவையிலிருந்து வந்த ஒறற்றோரியன் சபைக் குருமார் ஆவர். அவர்களுள் முதல்வர் யோசேவாஸ் அடிகளார். 1651 இல் கோவை நாட்டிற் பிறந்த அவர், 1687 இல் யாழ்ப்பாணத்துக்கு ஏழைத் தொழிலாளி வேடத்தில் வந்து சேர்ந்தார். 1692 இல் கண்டி சென்று, ஒற்றர் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார். பின்னர் மன்னனின் மதிப்பைப் பெற்றார். 1711 இல் கண்டியிலேயே காலமானார். 2015 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியதை யாவரும் அறிவர். ஒரு சில குருமார் தீவெங்கணும் சுற்றி வந்தமையால், ஓர் ஊருக்குக் குரு வருவது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ என்றாயிற்று. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் என்றும் அண்ணாவியார் என்றும் பொறுப்பாளர் அமைந்தனர். செபங்களைச் சொல்லிக் கொடுப்பதும், பாடல்களைப் பாடுவிப்பதும், நூல்களை வாசித்துக் காட்டுவதும் இவர்தம் கடமைகள். நாட்டுக்கூத்துப் பழக்கும் ஆசானுக்கும் தமிழில் அண்ணாவியார் என்பதே பெயர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1739 முதல் 1747 வரை ஆண்ட ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில் நிலை மாறிற்று. குருமார் கண்டி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதன் பின்னர் பல பத்தாண்டுகள் வஹகோட்டை மக்கள் நிலையான குரு இன்றியே வாழ்ந்தனர். பலிப்பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. எஞ்சியிருந்தவை செபமும் பாட்டும் புனிதரின் உருவமுமே. இவை அச்சிறு சமூகத்தை அழியாது காத்தன.

இச்செய்தியே வஹகோட்டையை எபிரேயரின் வரலாற்றோடு ஒப்பு நோக்கத் தூண்டுவது. கிறித்துவுக்குப் பின் 70 ஆம் ஆண்டில் உறோமர் எருசலேம் தேவாலயத்தைத் தகர்த்தனர். அத்தேவாலயத்தில் பலி செலுத்தும் குருகுலமும், பாட்டிசைக்கும் லேவியர் குலமும் இருந்தன. தாவீது மன்னன் ஏற்படுத்திய பாடகர் தொகை 288 என நாளாகமம் கூறுகிறது. சுரமண்டலம், வீணை, தம்புரு, கைத்தாளம் என்று நம் மொழிபெயர்ப்பாளர் பெயரிட்ட கருவிகள் அங்கு முழங்கின. தேவாலயம் வீழ்ந்ததும் பலி நின்றது. துயரத்தின் அடையாளமாகக் கருவியிசையும் தொழுகைக் கூடங்களிலிருந்து விலக்கப்பட்டது. எஞ்சியது மனிதக் குரல் ஒன்றே. குருவும் இன்றிக் கோவிலும் இன்றி ஒரு மக்கட் கூட்டம் நூல் ஒன்றையும் அதனை ஓதும் இசையையும் துணையாகக் கொண்டு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் வாழ்ந்து வந்திருக்கிறது. வஹகோட்டையார் சில பத்தாண்டுகள் கண்ட வாழ்வை யூதர் பல நூற்றாண்டுகள் கண்டனர். இரத்த உறவு அன்று இவ்விரு சாராரையும் இணைப்பது, பாட்டின் உறவே.

எபிரேய இசை எத்தகையது? சங்கீத நூலில் 150 பாடல்கள் உள. அவற்றின் அடிகள் பெரும்பாலும் இரு கூறாக அமைவன. முதற் கூறு ஒரு கருத்தைச் சொல்லும். இரண்டாம் கூறு அதனையே வேறு சொற்களால் வலியுறுத்தும், அல்லது எதிர்மறையாகத் திருப்பிச் சொல்லும். ஆகவே ஓதுவோர் ஒரு சுரத்தில் நின்று சொற்களை ஓட்டி, பாதியில் ஒரு சிறு வளைவும் முடிவில் ஒரு தீர்மானமும் கொடுப்பது இயல்பாயிற்று. ஒருவர் முதற் கூற்றைப் பாட மற்றோர் இரண்டாம் கூற்றைப் பாடுவதும் வழக்காயிற்று. சில சங்கீதங்களின் தலைப்பிலே இசைக் குறிப்பும் உண்டு. 22 ஆம் சங்கீதத்தின் தலைப்பில் 'அயிலேத் ஷாகார்' என்னும் தொடர் வருகிறது. விடியற்காலத்துப் பெண்மான் என்பது அதன் பொருள். அது பழைய மெட்டு ஒன்றின் பெயர் என்பர். பெயர் நிற்க, மெட்டு மறைந்தது. பரிபாடலின் பெரும்பாலான பாட்டுக்களின் இறுதியிலும் இசை வகுத்தோர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டிருந்தும் அவ்விசை நமக்குக் கிட்டாமற் போன நிலையை இது ஒக்கும்.

மறைநூலை ஓதுவதற்கு யூதர் தனிக் குறியீடுகளை வகுத்தனர். கலிலேயக் கடலோரத்துத் திபேரியா நகரில், 7 ஆம் நூற்றாண்டுக்கும் 10 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், மசொரேத்தியர் என்னும் மூலபாட அறிஞர் இவற்றை நிறைவு செய்தனர். எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் இச்சிறு குறிகளுக்கு 'தஆமிம்' என்று பெயர். சொற்றொடரை எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்று அவை காட்டும். அதே வேளை எத்தகைய இசைத் துணுக்கைப் பாடுவது என்றும் காட்டும். இலக்கணமும் இசையும் ஒரே குறியில் அடங்குவது வியப்பிற்குரியது. குறிகள் எங்கும் ஒன்றே. ஆனால் அவற்றிற்குரிய இசையோ யெமன் நாட்டில் ஒரு வகை, பாரசீகத்தில் ஒரு வகை, ஜேர்மனியில் வேறொரு வகை. சிதறுண்ட மக்கள் தாம் வாழ்ந்த நாட்டின் காற்றையும் தம் பாட்டிற் கலந்து கொண்டனர்.

கிறித்தவத் திருச்சபை பிறந்தது யூத சமூகத்தின் மடியிலே. சங்கீதங்களை அது தன் அன்றாடச் செபமாக்கிக் கொண்டது. கிறகோரியன் இசை எனப்படும் இலத்தீன் வழிபாட்டிசையிலும் சங்கீதம் ஓதும் முறை, ஒரு சுரத்தில் நின்று, பாதியில் வளைந்து, ஈற்றில் அடங்குவதே. 1959 இல் எரிக் வேர்னர் என்னும் அறிஞர் 'புனிதப் பாலம்' என்னும் பொருள்படும் நூலில் தொழுகைக் கூடத்துக்கும் கோவிலுக்கும் இடையிலான இவ்வுறவை விரித்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர், தனித்தனி மெட்டுக்கள் நேரே கைமாறின என்று சொல்லுதல் எளிதன்று என மறுத்துள்ளனர். எனினும் பாடலும் பாடும் நெறியும் எபிரேயரிடமிருந்தே வந்தன என்பதில் ஐயம் இல்லை.

இவ்வுறவு மிகத் தெளிவாகப் புலப்படுவது பெரிய வெள்ளிக்கு முன்பின்னான நாள்களில். பாபிலோனியரால் முதல் தேவாலயம் அழிந்தபோது எழுந்த அழுகை, எரேமியா தீர்க்கதரிசியின் புலம்பல் என வழங்குகிறது. ஐந்து அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களை முறையே முதலாகக் கொண்டு நடப்பன. இலத்தீனில் மொழிபெயர்த்தோர் அவ்வமைப்பைக் காக்க இயலாமையால், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் 'ஆலெப்', 'பேத்', 'கீமேல்' என எழுத்தின் பெயரையே எழுதி வைத்தனர். பாடகர் அவ்வெழுத்துப் பெயர்களையும் விடாது நீண்ட இசையோடு பாடினர். பொருளற்ற அவ்வெழுத்துக்களே பாட்டின் மிக உருக்கமான பகுதிகளாயின. இத்தாலியப் பலஸ்திரீனா, ஸ்பானிய விக்தோரியா, ஆங்கிலேயத் தோமஸ் தாலிஸ் ஆகிய 16 ஆம் நூற்றாண்டுப் பேராசிரியர் இதற்குப் பல்குரல் இசை அமைத்தனர். போர்த்துக்கேயர் கீழ்நாடுகளுக்குக் கொண்டு வந்த தவக்கால வழிபாடு இம்மரபைச் சார்ந்ததே.

இலங்கையில் அவ்வழிபாட்டுக்கு நாட்டு மொழி உருவம் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1676 இல் கோவையின் திவார்த் தீவிற் பிறந்து, 1705 இல் இலங்கை வந்து, 1742 இல் போலவத்தையில் மறைந்தவர் அவர். சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே நூல்கள் இயற்றினார். அவருடைய சிங்களத் 'துக்பிராப்தி பிரசங்கம்', தமிழ் 'வியாகுல பிரசங்கம்' ஆகிய இரண்டும் கிறித்துவின் பாடுகளை உருக்கமாக எடுத்துரைப்பன. தவக்காலத்தில் இவற்றை இசையோடு வாசிப்பதைத் தமிழர் 'பசாம்' என்பர். சிங்களர் 'பசன்' என்பர். பாடுகள் என்னும் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபுகளே இவை. ஒருவர் நீட்டி வாசிக்க, மற்றோர் கேட்டுக் கண்ணீர் உகுப்பர். யாழ்ப்பாணத்துச் சைவக் கோவில்களில் நிகழும் புராணபடனத்தையும் இழவு வீட்டின் ஒப்பாரியையும் அறிந்தோருக்குப் பசாமின் நடை அயலானதாகத் தோன்றாது. எபிரேயரின் புலம்பல் மரபு இலத்தீன் வழியாகவும் போர்த்துக்கேயம் வழியாகவும் வந்து, நம் நாட்டு அழுகுரலோடு ஒன்றுபட்டது.

கிறித்துவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகத்துக்குப் 'பாஸ்கு' என்று பெயர். எபிரேயரின் விடுதலைத் திருநாளாகிய 'பெசாக்' என்பதே கிரேக்கத்திற் 'பாஸ்கா' என்றாகி, பின் தமிழிலும் வழங்கலாயிற்று. மறுதலையாக, சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலைக் குறிக்கும் 'துகீம்' என்னும் எபிரேயச் சொல் தமிழ்த் 'தோகை'யின் திரிபே என்பது கால்டுவெல் முதலிய அறிஞரின் கருத்து. தோகையை நாம் அனுப்பினோம் எனின், பாஸ்காவை அவர்கள் அனுப்பினர் எனலாம்.

ஆனால் இம்மரபின் மீது படிந்த நிழலையும் மறைத்தல் ஆகாது. எபிரேயரின் சங்கீதத்தைப் பாடி, எபிரேயரின் புலம்பலை ஓதி அழுத அதே தவக்கால வழிபாட்டிலே, 'யூதர்' என்னும் சொல் கொலைஞர் என்னும் பொருளில் ஒலித்து வந்தது. பாஸ்கு மேடைகளில் யூதர் கொடியோராகவே தோன்றினர். யூதரை நேரிற் கண்டறியாத ஊர்களிலும் அவ்வெறுப்பு பாட்டோடு சென்று சேர்ந்தது. ஐரோப்பாவில் அதன் விளைவு பேரழிவாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே திருச்சபை தன் சொற்களை ஆராயத் தலைப்பட்டது. 1959 இல் திருத்தந்தை 23 ஆம் அருளப்பர் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துரைத்த சொல்லை நீக்குவித்தார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறித்துவின் மரணத்துக்கு யூத மக்கள் அனைவரும் பொறுப்பாளர் என்று கூறுதல் தகாது எனப் பறைசாற்றியது. ஒருவருடைய பாட்டைக் கடன் பெற்றுக்கொண்டு அவரையே பழித்தல் முறையன்று என்னும் எளிய அறம் இவ்வாறு ஏற்கப்பட்டது. பசாம் மரபைப் போற்றுவோர் இதனையும் உடன் போற்றுதல் வேண்டும்.

இனி, இவ்வெபிரேய இசை புதிய படைப்புக்களுக்கு ஊற்றான வரலாற்றைக் காண்போம். அதற்கு வழி வகுத்தோர் சேகரிப்பாளர்களே. 1908 இல் உருசியாவின் பீற்றர்ஸ்பேர்க் நகரில் யூத நாட்டிசைக் கழகம் தோன்றியது. அதனைச் சார்ந்த இசைவாணர் ஊர்தோறும் வழங்கிய பாடல்களைத் தேடிப் பதிந்தனர். அதே காலத்தில் ஆபிரகாம் இதல்சோன் என்னும் அறிஞர் எருசலேமிற் குடியேறி, யெமன், ஈராக், பாரசீகம், மொறோக்கோ ஆகிய நாடுகளிலிருந்து அங்கு வந்திருந்த யூதரின் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியிற் பதிவு செய்தார். 1914 இற் தொடங்கிய அவருடைய தொகுப்பு பத்துப் பெருந்தொகுதிகளாக நிறைவுற்றது. யெமன் யூதர் ஓதும் முறைக்கும் கிறகோரியன் இசைக்கும் உள்ள ஒற்றுமைகளையும் அவர் எடுத்துக் காட்டினார். அன்று அவர் பதியாதிருந்தால் அவற்றுட் பல இன்று பெயரளவிலும் எஞ்சியிரா.

இசையமைப்பாளர் இம்மரபைக் கையாண்ட முறைகள் மூன்று. முதலாவது, மெட்டையே எடுத்தாளுதல். 1880 இல் மக்ஸ் புரூக் என்னும் ஜேர்மானியர் 'கொல் நித்றே' என்னும் பெயரில் செலோ வாத்தியத்துக்கும் பல்லியக் குழுவுக்குமாக ஓர் உருப்படி அமைத்தார். பாவப்பரிகார நாளின் மாலையில் யூதர் பாடும் பழைய மெட்டு அதன் அடிப்படை. புரூக் யூதர் அல்லர், புரட்டஸ்தாந்தர். பேர்லினில் வாழ்ந்த யூதப் பாடகர் ஒருவரிடம் அம்மெட்டைக் கேட்டறிந்து, அதன் அழகில் ஈடுபட்டு எழுதினார். பிரெஞ்சுக்காரரான றவேல் 1914 இல் 'கதிஷ்' என்னும் இறந்தோர் நினைவு மன்றாட்டுக்கு இசையமைத்ததும் இவ்வழியே.

இரண்டாவது, மெட்டை விட்டு உணர்வைப் பற்றுதல். சுவிட்சலாந்தில் 1880 இற் பிறந்த எர்னெஸ்ட் புளொக் இதன் தலைவர். 1916 இல் அவர் இயற்றிய 'ஷெலொமோ' சாலமோன் மன்னனின் குரலாகச் செலோவைப் பேசவைக்கிறது. பழைய மெட்டுக்களைத் தொகுத்துக் காட்டுவது தம் நோக்கமன்று என்றும், மறைநூலில் தாம் உணர்ந்த எபிரேய ஆன்மாவுக்கு இசையுருவம் தருவதே நோக்கம் என்றும் அவர் கருதினார். 1933 இல் அவர் நிறைவு செய்த 'அவோதாத் ஹகோதேஷ்' யூத வழிபாடு முழுவதையும் பேரவையில் ஒலிக்கத்தக்க பேரிசையாக்கியது. ஆர்னோல்ட் ஷேன்பேர்க் 1947 இல் எழுதிய 'வார்சோவிலிருந்து தப்பியவன்' என்னும் குறும்படைப்பையும் இங்குக் கூறலாம். கொலைக்களத்துக்குச் செல்வோர் இறுதியில் 'ஷெமா இஸ்ராயேல்' என்னும் விசுவாச அறிக்கையை ஒருங்கே பாடுவதாக அது முடிகிறது. இசை பன்னிரு சுர முறையிற் புதியது. சொல்லோ மிகப் பழையது.

மூன்றாவது, ஓதும் நெறியின் இலக்கணத்தையே கருவாக்குதல். லெனார்ட் பேர்ன்ஸ்ரைன் 1942 இல் எழுதி முடித்து 1944 இல் பிற்ஸ்பேர்க்கில் அரங்கேற்றிய 'எரேமியா' சிம்பனியின் நடுப்பகுதியில், தீர்க்கதரிசன நூல்களை ஓதும் இசைத் துணுக்குகள் தாளம் மாறித் துள்ளுகின்றன. இறுதிப் பகுதியில் ஒரு பெண்குரல் எரேமியாவின் புலம்பலை எபிரேய மொழியிலேயே பாடுகிறது. பின்னர் 1965 இல், இங்கிலாந்தின் சிசெஸ்ரர்ப் பேராலயத்தின் வேண்டுகோளுக்கிணங்க, அவர் சங்கீதங்களை எபிரேயத்திலேயே அமைத்துக் கொடுத்தார். கிறித்தவப் பேராலயத்திலே சங்கீதம் தன் தாய்மொழியில் ஒலித்தது. உருசியரான ஸ்திறாவின்ஸ்கி 1958 இல் வெனிஸ் நகரில் அரங்கேற்றிய 'திறேனி' இலத்தீன் புலம்பலைக் கொண்டது. அதிலும் ஆலெப், பேத் என்னும் எழுத்துப் பெயர்களைப் பாடகர் குழு பாடுகிறது.

அமெரிக்க இசைவாணர் ஸ்ரீவ் றைஷின் கதை தனிச்சிறப்புடையது. யூதராய்ப் பிறந்தும் எபிரேயம் அறியாது வளர்ந்த அவர், ஆபிரிக்கக் கானா நாட்டின் முரசிசையை அந்நாட்டிற்கே சென்று கற்றார். பிறர் மரபைக் கற்ற பின்னர் தம் மரபு யாது என்னும் வினா எழுந்தது. 1970 களின் பிற்பகுதியில் நியூயோர்க்கிலும் எருசலேமிலும் மறைநூல் ஓதும் முறையைப் பயின்றார். 1981 இல் 'தெஹில்லிம்' என்னும் படைப்பை வெளியிட்டார். சங்கீதங்கள் என்பதே அப்பெயரின் பொருள். கைத்தட்டலும் சிறு பறையும் தாளமிட, பெண் குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்கின்றன. சங்கீதங்களை அவர் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மேற்கு நாட்டு யூதரிடையே மறைநூல் ஓதும் மரபு நிலைத்தது. சங்கீதம் ஓதும் வாய்மொழி மரபோ மறைந்துவிட்டது. ஆதலின் பழைய மெட்டு எதனையும் போலி செய்யாது புதிதாக அமைக்க அவருக்கு உரிமை கிடைத்தது. இழப்பு ஒன்று படைப்புக்கு இடம் தந்தது. ஆயினும் இழப்பை அறிந்து நின்ற ஒருவனுக்கே அது இடம் தந்தது என்பதை மறத்தலாகாது.

தென்னாசியாவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1907 இல் பொகீமியாவின் கார்ல்ஸ்பாட் நகரிற் பிறந்த யூத இசைவாணர் வால்ற்றர் கவுஃப்மன், நாசிகளின் கொடுமை வளரக் கண்டு 1934 இல் பம்பாய் வந்து சேர்ந்தார். 1937 முதல் 1946 வரை அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேனாட்டிசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். சிவரஞ்சனி இராகச் சாயலில் அமைந்த அவ்வானொலியின் முகப்பிசை அவர் ஆக்கியது என்பது பெருவழக்கு. முதலிற் கேட்டபோது இந்திய இசை அவருக்கு விளங்காத புதிராகவே இருந்தது. ஆயினும் இத்தனை கோடி மக்கள் போற்றும் இசையில் பொருள் இல்லாதிருக்க முடியாது என்று எண்ணிப் பயின்றார். பின்னர் அமெரிக்காவிற் பேராசிரியராக அமர்ந்து, வட இந்திய இராகங்களைப் பற்றி 1968 இலும் தென்னிந்திய இராகங்களைப் பற்றி 1976 இலும் பெருநூல்கள் வெளியிட்டார். புகலிடம் தந்த நாட்டுக்கு அவர் செலுத்திய நன்றி அதுவே.

அண்டை நாடாகிய கேரளத்தில் கொச்சி யூதர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இறப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அம்மக்களின் ஆடவர் எபிரேயத்தில் வழிபாடு நடத்த, பெண்டிர் மலையாளத்தில் விவிலியக் கதைகளையும் மணப்பாடல்களையும் பாடினர். கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதித் தாய் மகளுக்கு அவற்றை வழங்கினாள். 1950 களில் அவருட் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குப் பெயர்ந்தனர். குறிப்பேடுகள் பெட்டிகளில் உறங்கின. அறிஞர் சிலர் அவற்றைத் தேடித் தொகுத்து, முதிய பெண்களின் குரலைப் பதிந்து, 2004 இல் எருசலேமில் இசைத்தட்டாக வெளியிட்டனர். மேலும் ஒரு தலைமுறை தாழ்த்திருப்பின் எழுத்து இருக்கும், இசை இராது.

இங்கு கூறியவற்றை எண்ணிப் பார்ப்பின் வஹகோட்டை போன்ற ஊர்களின் முன் நிற்கும் வினா புலனாகும். 1963 இல் வத்திக்கான் சங்கம் அவ்வந் நாட்டு இசை மரபுகளுக்கு வழிபாட்டில் உரிய இடம் அளித்தது. சிங்கள நாட்டிசை மெட்டுக்களைத் தேடித் தொகுத்த தேவார் சூரியசேனா அங்கிலிக்கன் வழிபாட்டுக்கு அவற்றைப் பயன்படுத்தினார். 1965 இல் யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் பாஸ்குவைப் புதிய மேடைக்கலையாக வளர்த்தது. இவை நற்றொடக்கங்கள். எனினும் புதிய மெல்லிசைப் பாடல்கள் பெருகப் பெருக, பசாமும் பசனும் பழைய நடையில் வாசிக்க வல்லோர் அருகி வருகின்றனர். நூல் அச்சில் உளது; ஆதலின் மரபு உளது என்று மயங்குதல் எளிது. அயிலேத் ஷாகார் என்னும் தலைப்பும் அச்சிலே உளதன்றோ? நீட்டலும் குழைத்தலும் நிறுத்தலும் வாயிலிருந்து செவிக்குச் செல்வனவே அன்றி ஏட்டிலிருந்து வருவன அல்ல. யெமன் யூதருக்கு இதல்சோன் செய்ததை ஈழத்து அண்ணாவிமாருக்கும் யாரேனும் செய்தல் வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நீர்கொழும்பிலும் மாத்தளையிலும் வாசிக்கப்படும் நடைகளை ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டால், ஒரு நூல் எத்தனை ஊர்களில் எத்தனை இசையாகக் கிளைத்தது என்பது தெரியவரும். நாளைய இசைவாணன் ஒருவனுக்கு அதுவே கருவூலமாகும். பதிவதோடு அமையாது, இளையோர் இருவர் மூவரையேனும் முதியோர் அருகில் அமர்த்திப் பயிற்றுதலும் கடன்.

வஹகோட்டை மக்கள் வணங்கும் அந்தோனியார் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரிற் பிறந்தவர். காணாமற் போன பொருளைத் தேடித் தருபவர் என்று உலகெங்கும் அவரை வேண்டுவர். அந்நம்பிக்கையின் தோற்றம் பற்றிப் பழங்கதை ஒன்று உண்டு. துறவு பயில வந்த இளைஞன் ஒருவன் அந்தோனியாரின் நூல் ஒன்றைக் கவர்ந்து சென்றான், அவர் செபித்தார், அவன் மனம் மாறி நூலைத் திரும்பக் கொணர்ந்தான் என்பது கதை. அவர் தம் கைக்குறிப்புக்களை எழுதி வைத்திருந்த அந்நூல் வேறொன்றன்று. எபிரேயரின் சங்கீத நூலே. குரு இன்றி வாழ்ந்த காலத்திலும் தம் செபத்தை இழக்காத ஊரார் அப்புனிதரைக் காவலராகக் கொண்டிருப்பது பொருத்தமே. மறைந்து வரும் பாட்டைத் தேடிப் பேணும் பணி அவ்வூராருக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் அப்பாட்டைக் கேட்டு வளர்ந்தோர் அனைவருக்கும் உரியது.